கார்டு கடனில் அமெரிக்கா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

(அமெரிக்காவின் டெலவேர் மாநிலம், வில்மிங்டன் நகரில் ஒரு கார்டு வங்கியின் வசூல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது கோவையில் வசிக்கும் நம் பத்தியாளர், கிரெடிட் கார்டு கடன் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

அமெரிக்கர்களின் கிரெடிட் கார்டு பாக்கி ஒரு டிரில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது, 2008 மாதிரி மறுபடியும் எல்லாம் சரியப்போகிறது என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா மேடம்?
*வாசகர், ஈரோடு*

தாண்டியது உண்மை. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி (நம் ரிசர்வ் வங்கி மாதிரி அங்கே இருக்கும் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஓர் அங்கம்) மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக் கடன், கார் கடன், கார்டு கடன் எல்லாவற்றையும் கூட்டி ஓர் அறிக்கை விடும். 2023 ஆகஸ்டில் வந்த அறிக்கையில்தான் கார்டு பாக்கி முதன்முதலாக ஒரு டிரில்லியனைத் தாண்டியது. 2024 முடிவில் அது 1.21 டிரில்லியன். நம் கணக்கில் 1.21 லட்சம் கோடி டாலர். ரூபாயாக்கினால் நூறு லட்சம் கோடிக்கு மேல். நம் மத்திய அரசின் ஒரு வருட பட்ஜெட்டைப் போல சுமார் இரண்டு மடங்கு. தலை சுற்றத்தான் செய்யும்.

சரிகிறதா என்பது வேறு கேள்வி. 2008 கடைசியில் கார்டு பாக்கி சுமார் 87,000 கோடி டாலர். அதை 2024 விலைவாசிக்கு மாற்றிப் பாருங்கள், 1.3 டிரில்லியனை ஒட்டி வரும். அதாவது அன்றைய கடன்தான் கனமானது. வரி போகக் கைக்கு வரும் வருமானத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்: 2008ல் ஏறக்குறைய 8 சதவீதம், 2024ல் ஐந்தரை சதவீதம். போதாக்குறைக்கு, அந்த 1.21 டிரில்லியனில் எல்லாமே கடனும் இல்லை. மாதாமாதம் முழு பில்லையும் கட்டிவிடுகிறவர் பில் வரும் நாளில் வைத்திருக்கும் பாக்கியும் அதில் சேர்ந்துதான் வருகிறது.

இன்னொன்று, 2008ல் சரிந்தது கார்டு அல்ல, வீட்டுக் கடன். 2024 முடிவில் அமெரிக்கக் குடும்பங்களின் மொத்தக் கடன் 18 டிரில்லியன் டாலர். அதில் பன்னிரண்டரைக்கு மேல் வீட்டுக் கடன். கார்டு பதினைந்தில் ஒரு பங்கு. யூடியூபர் சொன்ன எண் சரி. எதோடு ஒப்பிட வேண்டும் என்பதைச் சொல்லியிருந்தால் அவருக்கு வியூஸ் வந்திருக்காது.

அப்படியானால் கடன் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்கிறீர்களா? எங்கள் தாத்தா கேட்டால் அடிக்க வருவார்.
*வாசகி, சேலம்*

தாத்தா தன் வீட்டுக்குச் சொன்னது தன் வீட்டுக்குச் சரி. ஒரு நாடே ஒரே மாதத்தில் தாத்தா பேச்சைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவின் மூத்தவர்கள் அதை இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1980 மார்ச் 14. விலைவாசி ஏற்றம் 14 சதவீதத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் டிவியில் தோன்றி, நாம் எல்லோரும் அளவுக்கு மேல் கடன் வாங்குகிறோம் என்றார். 1969ல் போட்ட ஒரு கடன் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, பால் வோல்க்கர் தலைமையில் இருந்த ஃபெடரல் ரிசர்வின் கையில் கொடுத்தார். வங்கி இனிமேல் கார்டில் கூடுதலாகக் கடன் கொடுத்தால், அந்தக் கூடுதலில் 15 சதவீதத்தை வட்டியில்லாமல் ஃபெடரல் ரிசர்விடம் டெபாசிட்டாகப் போட வேண்டும். இவ்வளவுதான் விதி. கார் கடன், வீட்டுக் கடன் எதற்கும் இது கிடையாது. வங்கிகளின் லாபத்தில் லேசாகக் கை வைக்கும் விதி, ஜனங்களைத் தொடவே தொடாது என்றுதான் நினைத்தார்கள்.

ஜனங்களோ ஜனாதிபதியே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள். கார்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, வெள்ளை மாளிகைக்கே தபாலில் அனுப்பினார்கள். கடைகளில் கூட்டம் வற்றியது. கார்டு பயன்படுத்துவதே சட்டவிரோதம் ஆகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஜனவரியிலேயே தொடங்கியிருந்த மந்தம் பள்ளத்தில் விழுந்தது: அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் பொருளாதாரம் ஆண்டு விகிதத்தில் 8 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. மே மாதமே விதிகளைத் தளர்த்த ஆரம்பித்து, ஜூலையில் முழுதாக எடுத்துவிட்டார்கள். நவம்பரில் கார்ட்டர் தேர்தலில் தோற்றார். அதற்குக் காரணங்கள் பல. இதுவும் ஒரு கரண்டி.

அந்தக் கலவரத்தில் வங்கிகள் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தன. புதுக் கார்டு கொடுப்பதைக் குறைத்துக்கொண்டதோடு, அதுவரை பெரும்பாலும் இலவசமாக இருந்த கார்டுக்கு வருடக் கட்டணம் போட ஆரம்பித்தன. கட்டுப்பாடு நாலு மாதத்தில் போய்விட்டது, கட்டணம் தங்கிவிட்டது.

அமெரிக்கப் பொருளாதாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குடும்பங்களின் செலவு. அதனால் கார்டு பாக்கி மெல்ல ஏறுகிறது என்றால் நான் தூங்கப் போய்விடுவேன். சட்டென்று இறங்கினால்தான் எழுந்து உட்காருவேன். 2009ல் இறங்கியது, ஆட்களுக்கு வேலை போனது, வங்கிகளும் லிமிட்டை வெட்டின. 2020, 2021ல் மட்டும் விதிவிலக்கு. கடையெல்லாம் பூட்டு, கையில் அரசாங்கம் அனுப்பிய காசு: முதலில் 1,200 டாலர், பிறகு 600, பிறகு 1,400. 2021 தொடக்கத்தில் கார்டு பாக்கி 77,000 கோடி டாலருக்கு இறங்கியது. அது சோகத்தில் இறங்கியதல்ல.

வேலையில்லாதோர் விகிதம் அமெரிக்காவில் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பிறகு ஏன் கார்டு தவணை தவறுகிறவர்கள் 2023, 2024ல் கூடினார்கள்? வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற எனக்கே பிடிபடவில்லை.
*வாசகர், மயிலாப்பூர், சென்னை*

நல்ல கேள்வி சார், இந்தக் கடிதக் கட்டிலேயே நல்ல கேள்வி. எங்கள் தொழிலில் வேலையின்மையும் வாராக்கடனும் கைகோத்துக்கொண்டு நடக்கும் என்பது பாலபாடம். 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதம். 2010 தொடக்கத்தில் கார்டில் வங்கிகள் தள்ளுபடி செய்த கடனும் ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டியது. 2021ல் அந்தத் தள்ளுபடி 2 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2024ல் நாலரை. வேலை போகாமலே ஏறியது என்பதுதான் புதுசு.

வசூல் தளத்தில் இருந்தால் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். தவணை தவறியவர்களை நாங்கள் பக்கெட் பக்கெட்டாகப் பிரிப்போம். 30 நாள் வரை ஒரு பக்கெட், 60 நாள் வரை அடுத்தது, இப்படி ஏறி 180 நாள் ஆனால் கணக்கிலிருந்தே தள்ளுபடி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் திரையில் அவரது ஸ்டேட்மென்ட் நிற்கும். விழப்போகிறவர் ஸ்டேட்மென்ட் ஆறு மாதம் முன்பே சொல்லிவிடும். முதலில் ஹோட்டலும் துணிக்கடையும் காணாமல் போகும். மளிகை, பெட்ரோல், மருந்துக்கடை மட்டும் மிஞ்சும். அடுத்து, வழக்கமாகப் பேங்க் கணக்கிலிருந்து போகும் கரன்ட் பில் கார்டுக்கு வரும். அப்புறம் ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணமாக எடுப்பார். அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி. மாதாமாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய மினிமம் தொகை கடைசி நாள் ராத்திரி வந்து சேரும். கடைசியாக அந்தக் கட்டணமே பணமில்லாமல் திரும்பி வரும். வேலை மட்டும் இருக்கும். "ரீஃபண்ட் வந்ததும் கட்டுகிறேன் மேம்" என்பார். பிப்ரவரி, மார்ச்சில் வருமான வரி ரீஃபண்ட் வரும்போது எங்கள் பக்கெட்டுகள் பாதி காலியாகும். மேலதிகாரிகள் அந்த இரண்டு மாதக் கணக்கைக் காட்டி போனஸ் வாங்கிக்கொள்வார்கள். ஆகஸ்டில் உண்மை தெரியும்.

2023, 2024ல் நடந்ததற்கு வருகிறேன். கொரோனா காலத்தில் அரசுப் பணம் வந்தது, படிப்புக் கடன் தவணையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் எல்லோருடைய கிரெடிட் ஸ்கோரும் உப்பியது. உப்பிய ஸ்கோரை நம்பி வங்கிகள் சிறுவயதுக்காரர்களுக்கும் குறைந்த சம்பளக்காரர்களுக்கும் கார்டை அள்ளிக் கொடுத்தன. அடுத்து விலைவாசி ஏறியது. வாடகையும் மளிகையும் கார் இன்ஷூரன்ஸும் ஏறின. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த ஃபெடரல் ரிசர்வ் வட்டி 2023 ஜூலைக்குள் ஐந்தேகாலைத் தாண்டியது. கார்டு வட்டி 15க்குக் கீழிருந்து 21க்கு மேல் போனது. நியூயார்க் ஃபெட் 2024ல் பிரித்துப் பார்த்தபோது, லிமிட்டில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்து முடித்தவர்களிடம்தான் தவறல் கூடியிருந்தது. அவர்களில் இளையவர்களும் வருமானம் குறைந்தவர்களும் அதிகம். மற்றவர்கள் பாட்டுக்குக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே சராசரி எண்ணைப் பார்த்தால் நாடு சௌக்கியம். அந்தச் சராசரிக்குள் பில்லை முழுதாகக் கட்டி பாயின்ட் சேர்க்கும் டாக்டரும் இருக்கிறார், மளிகையைக் கார்டில் போட்டு மினிமம் கட்டும் கிடங்குத் தொழிலாளியும் இருக்கிறார். பொருளாதாரத்தை டாக்டர் தூக்கி நிறுத்திவிடுவார். தொழிலாளியின் வீடு கவிழ்ந்தாலும் ஜிடிபியில் அது தெரியாது. என்னைக் கேட்டால் இதுதான் விஷயமே.

அங்கே ஃபெடரல் வட்டி ஐந்துக்குள் இருக்க, கார்டுக்கு மட்டும் எப்படி 22 சதவீதம்? கந்துவட்டிச் சட்டமெல்லாம் கிடையாதா?
*வாசகர், திருச்சி*

பெரும்பாலான மாநிலங்களில் உச்சவரம்பு இருந்தது. அதைச் சட்டப்படியே உடைத்தார்கள். 1978ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், 1864ஆம் ஆண்டின் தேசிய வங்கிச் சட்டத்தைக் காட்டி, வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியை வேறு மாநிலத்து வாடிக்கையாளரிடமும் வாங்கலாம் என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது. நெப்ராஸ்கா மாநிலத்து வங்கி ஒன்று மினசோட்டா மாநிலத்துக்காரர்களுக்குக் கார்டு கொடுத்த வழக்கு அது.

அப்போது நியூயார்க்கில் சிட்டி பேங்க் கார்டில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. அங்கே வட்டிக்கு வரம்பு. டெபாசிட்டுக்குக் கொடுக்கும் வட்டியோ எகிறிக்கொண்டிருந்தது. தெற்கு டகோட்டா, குளிரும் கோதுமையும் மாடும் நிறைந்த ஊர், வேலைவாய்ப்பு இல்லாமல் தவித்தது. கவர்னர் பில் ஜாங்க்லோ 1980ல் வட்டி வரம்பையே தூக்கினார். 1981ல் சிட்டி பேங்கின் கார்டு பிரிவு சூ ஃபால்ஸ் நகருக்கு மூட்டை கட்டியது. அதைப் பார்த்து டெலவேரும் அதே வருடம் தன் சட்டத்தை மாற்றியது. வில்மிங்டனில் எனக்குச் சோறு போட்டது அந்தச் சட்டம்தான். மறைக்க என்ன இருக்கிறது?

நம் ஊர்க் கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் சர்வ சாதாரணம் என்பதையும் ஓர் ஓரமாக நினைவில் வையுங்கள். வருடத்துக்கு 42. அமெரிக்காவைப் பார்த்து நாம் உச்சுக்கொட்ட முடியாது.

கார்டு வட்டிக்கு டிரம்ப் சொன்ன 10 சதவீத வரம்பு வருமா?
*வாசகர், நாகர்கோவில்*

2024 பிரசாரத்தில் டிரம்ப் சொன்னார். 2025 பிப்ரவரியில் இடதுபக்கம் பெர்னி சாண்டர்ஸும் வலதுபக்கம் ஜாஷ் ஹாலியும் சேர்ந்தே செனட்டில் மசோதா கொண்டுவந்தார்கள். இது புது ஆசையும் அல்ல. 1991 நவம்பரில் செனட் 14 சதவீத வரம்புக்கு 74க்கு 19 என்று ஓட்டுப் போட்டது. இரண்டு நாள் கழித்துப் பங்குச் சந்தையில் டவ் 120 புள்ளி விழுந்தது, அன்றைக்கு அது பெரிய விழுகை. மசோதா அப்படியே அமுங்கிப்போனது.

10 என்றால் ஸ்கோர் குறைந்தவருக்குக் கார்டே கிடைக்காது. தள்ளுபடிக்கே நாலரை போகிறது, வங்கி தான் வாங்கும் பணத்துக்கு வட்டி, ஆள், கம்ப்யூட்டர் எல்லாம் அதற்கு மேல். அவர் சம்பள நாள் வரைக்கும் கடன் கொடுக்கும் கடைக்குப் போவார்; அங்கே ஆண்டு வட்டி 400 சதவீதம் வரை போகும். ஆனால் வங்கிகள் சொல்வது போல எந்த வரம்பும் வேலைக்காகாது என்பதும் கதை. மத்திய சட்டத்தின் கீழ் நடக்கும் கிரெடிட் யூனியன்களுக்கு, நம் கூட்டுறவுச் சங்கம் மாதிரி, 18 சதவீதம்தான் உச்சம். அவையும் கார்டு கொடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கின்றன. 18 போட்டால் நான் கை தூக்குவேன்.

என் மகன் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் இருக்கிறான். வேலை போய்விட்டது. மூன்று கார்டில் 18,000 டாலர் பாக்கி என்று போன வாரம்தான் சொன்னான். ஊருக்கு வந்துவிடு, கடனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் அம்மா அழுகிறாள். எங்களைத் தேடி வருவார்களா? அவனைக் கைது செய்வார்களா?
*வாசகர், மதுரை*

ஐயா, முதலில் பயத்தைக் கழித்துவிடலாம். நீங்கள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய அவர் கடன் உங்களுடையது அல்ல. கார்டு கடன் அங்கே சிவில் விவகாரம், கட்ட முடியாததற்காக ஜெயில் கிடையாது. டெக்சாஸில் இன்னொரு சலுகை: கார்டு கடனுக்காகச் சம்பளத்தில் நேரடியாகப் பிடித்தம் செய்ய முடியாது.

ஆனால் ஓடி வருவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். தவணை தவறியது ஏழு வருடம் அவர் கிரெடிட் கணக்கில் நிற்கும். மறுபடி அமெரிக்கா போனால் வாடகை வீட்டுக்குக்கூட அதைத்தான் பார்ப்பார்கள். 180 நாள் கழித்து வங்கி தள்ளுபடி செய்யும் என்றால் மன்னித்துவிட்டது என்று பொருள் அல்ல. பாக்கியைச் சல்லிசான விலைக்கு வசூல் கம்பெனிக்கு விற்றுவிடும், அவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினாலோ, குறைத்த தொகை 600 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் வங்கி அதை வருமான வரித் துறைக்குச் சொல்லும்; அது வருமானமாகக் கணக்காகலாம்.

அவர் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒரு போன். முதல் தவணை தவறுவதற்கு முன் கூப்பிட்டு, வேலை போய்விட்டது, கஷ்ட காலத் திட்டம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வங்கிகளில் அது இருக்கும். கேட்கிறவருக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். வட்டியைக் குறைப்பார்கள், சில மாதம் தவணையைச் சுருக்குவார்கள், பதிலுக்குக் கார்டை முடக்குவார்கள். தவறாத ஆள் தானாகக் கூப்பிட்டால் எங்கள் பக்கம் குரலே மாறும். மூன்று கார்டையும் ஒன்றாகச் சமாளிக்க லாப நோக்கில்லாத கடன் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. வங்கிகளிடம் பேசி, ஒரே தவணையாக்கி, மூன்று முதல் ஐந்து வருடத்தில் முடிக்க வழி செய்வார்கள். ரேடியோவில், டிவியில் "உங்கள் கடனைப் பாதியாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் பக்கம் போகவே வேண்டாம். அவர்கள் முதலில் சொல்வதே தவணையை நிறுத்து என்பதுதான்.

22 சதவீதம் என்றால் 18,000க்கு வட்டி மட்டும் மாதம் 330 டாலர். எச்1பி விசா என்றால் வேலை போன பின் 60 நாள்தான் கையில் இருக்கும், அதற்குள் வேறு வேலையும் பிடிக்க வேண்டும். ஊரில் உங்களிடம் சேமிப்பு இருந்தால் வட்டி அதிகமான கார்டின் கடனை மட்டும் முதலில் அடைத்துவிடுங்கள். நிலத்தை விற்க வேண்டாம். அவர் அம்மாவிடம் சொல்லுங்கள், பையன் மறைக்காமல் சொன்னதே பாதி வேலை முடிந்த மாதிரி. நாங்கள் போன் செய்யும்போது மனைவிக்குக்கூடத் தெரியாது என்பவர்கள்தான் அதிகம்.

பனியன் ஏற்றுமதி செய்கிறோம். இறக்குமதி வரித் தலைவலியை விடுங்கள். அமெரிக்கக் கார்டு கணக்கைப் பார்த்து ஆர்டர் கூடும் குறையும் என்று ஊகிக்க முடியுமா?
*வாசகி, திருப்பூர்*

கார்டு அறிக்கை உங்களுக்குத் தாமதமான செய்தி. மூன்று மாதம் முடிந்து, அப்புறம் ஒரு மாதம் கழித்து வரும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பெரும்பாலும் வரும் வேலைவாய்ப்பு அறிக்கையையும், மாத நடுவில் வரும் சில்லறை விற்பனைக் கணக்கில் துணிக்கடை விற்பனை எண்ணையும் பாருங்கள். மேலே சொன்னேனே, கஷ்டம் வந்தால் ஸ்டேட்மென்டில் முதலில் மறைவது ஹோட்டலும் துணியும். உள்பனியன், குழந்தைத் துணி கடைசியில் மறையும். நீங்கள் எதைத் தைக்கிறீர்கள் என்று எழுதவில்லையே?

கார்டு பாயின்டில் என் மருமகன் குடும்பத்தோடு ஹவாய் போய் வந்தார். அந்தக் காசு யார் கொடுத்தது?
*வாசகி, தஞ்சாவூர்*

ஒவ்வொரு பில்லிலும் கடைக்காரரிடமிருந்து 2 சதவீதம் போல வாங்குகிறார்கள். கடைக்காரர் அதை விலையில் ஏற்றி, ரொக்கம் கொடுக்கும் ஏழையிடமும் வசூலிக்கிறார். மிச்சத்தை வட்டி கட்டுகிறவர்கள் கொடுத்தார்கள். மருமகன் புத்திசாலி.

அமெரிக்கர்களுக்குச் சிக்கனம் தெரியாது என்பது சரிதானே?
*வாசகர், காரைக்குடி*

பாதிகூடச் சரியில்லை. ஃபெடரல் ரிசர்வ் வருடா வருடம் ஒரு கேள்வி கேட்கும்: திடீரென்று 400 டாலர் செலவு வந்தால் கைக்காசில் சமாளிப்பீர்களா? 2024ல் 63 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மிச்சம் 37ஐ ஊதாரிகள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் என் திரையில் நான் அதிகம் பார்த்தது கார் ரிப்பேரும் பல் வைத்தியமும்.

ஆகஸ்டில் அரிசோனாவுக்கு எம்.எஸ். படிக்கப் போகிறேன். கார்டு வாங்கலாமா அக்கா?
*வாசகி, வேளச்சேரி*

வாங்கு. கார்டு இல்லாமல் ஸ்கோர் வராது, ஸ்கோர் இல்லாமல் வீடு கிடைப்பது கஷ்டம். கிரெடிட் வரலாறு இல்லாதவர்களுக்கு டெபாசிட் வாங்கிக்கொண்டு அதே அளவுக்கு லிமிட் கொடுக்கும் கார்டு இருக்கிறது, அதில் ஆரம்பி. 

2009ல் வந்த சட்டத்தால் எல்லா ஸ்டேட்மென்டிலும் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள்: மினிமம் மட்டும் கட்டினால் எத்தனை வருடம் ஆகும், மூன்றே வருடத்தில் முடிக்க மாதம் எவ்வளவு என்று. 22 சதவீதத்தில் 6,000 டாலர் பாக்கி என்று வைத்துக்கொள். அசலில் ஒரு சதவீதமும் அந்த மாத வட்டியும், ஆனால் 35 டாலருக்குக் குறையாமல் என்ற வழக்கமான மினிமத்தை மட்டும் கட்டிக்கொண்டு போனால் முடிய ஏறத்தாழ 18 வருடம். வட்டி மட்டும் 9,500 டாலர் போல. மாதம் 230 கட்டினால் மூன்று வருடம். ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால் அடுத்த மாதம் வாங்கும் காபிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாத சலுகை நாள் போய்விடும். இது பலருக்குத் தெரியாது.

தானாகக் கட்டும் வசதியைப் போடும்போது திரையில் மூன்று தேர்வு வரும். 'மினிமம்' என்பது முன்பே டிக் ஆகியிருக்கக்கூடும். 'ஸ்டேட்மென்ட் பேலன்ஸ்' என்று மாற்றிவிட்டு அப்புறம் ஓகே அழுத்து.